முதல்ல மேட்டூரைப் பாரு மாப்ளே

வா மாப்ளே, வா. குட்டியானை வண்டியைச் செத்த தள்ளி நிறுத்தச் சொல்லு, வைக்கப்போர்ல மோதிடப் போறான். எங்க ஊரு மதுவனேசுவரர் கோயிலு மாடக்கோயிலு. யானை ஏற முடியாதபடி கோச்செங்கட்சோழன் கட்டுனதும்பாங்க. பாவம், ராசா பெரிய யானையைத்தான் நெனச்சான், குட்டியானையை மறந்துட்டான். அதான் நீ போட்டு எஞ்சினை ஏத்திக்கிட்டு நேரா என் வாசலுக்கே வந்துட்டே.

எறக்கு, எறக்கு. மெல்ல. அந்தப் புளியமரத்து நெழல்ல பலகையைப் போட்டு அது மேல வையி. இதென்ன, எஞ்சின் நெத்தியில இம்மாம் பெரிய குங்குமம்? எலுமிச்சம்பழம் நசுக்குன சாறு காஞ்சு கெடக்கு. கழுத்துல மாலை வேற. ஒன் கல்யாணத்துல போட்ட மாலையா, இதுக்குன்னு தனியா வாங்குனதா? டேங்கு மூடியில சந்தனம் அப்பியிருக்குறதைப் பாத்தா தனியாத்தான் பூசை நடந்திருக்கு. நடக்கட்டும். அந்தச் சந்தனத்தைப் பத்தி அப்புறம் பேசுவோம்.

ஒன் ஆத்தா நாகப்பட்டினத்துலேருந்து மீன்கூடையைச் சுமந்துக்கிட்டு இந்தத் தெருவுக்கு முப்பது வருசமா வருது. வந்த மொத நாளே என்னை அண்ணேன்னு கூப்புட்டுச்சு. அதுல அதுக்கு ஒரு கணக்கு: அண்ணங்காரன் வெலையைக் கொறைச்சுக் கேக்க மாட்டான். எனக்கும் ஒரு கணக்கு: தங்கச்சிக்காரி பழைய மீனைத் தள்ளிவிட மாட்டா. ரெண்டு பேரு கணக்கும் பாதிதான் பலிச்சுது. மிச்சக் கணக்கைத் தீக்க நீ மருமவனா வந்து நிக்கிற.

நல்ல நாளாப் பாத்துத்தான் வந்திருக்க. நாளைக்கு ஜூன் 12, மேட்டூரு திறக்கணும். இன்னும் மூணு நாள்ல, 14-ந் தேதியோட, தடைக்காலம் முடியணும். ஏப்ரல் 15-லேருந்து 61 நாளு விசைப்படகெல்லாம் கரையில கட்டிக் கெடக்கு. பைபர் போட்டுக்காரன் வச்சதுதான் வெலை. வருசத்துல ஒரு தடவை வர்ற ராசயோகம் அது. அந்த 61 நாள்ல நாப்பது நாளை மாமியா வீட்டு விருந்துல தின்னே தீத்துட்டே. தப்பு சொல்லல, புது மாப்ளே, தின்ன வேண்டிய வயசுதான். ஆனா 15-ந் தேதி விசைப்படகு அத்தனையும் கெளம்பிடும். அதுங்க வந்து கொட்டுன பொறவு ஒன் நாலு கூடை மீனை எவன் திரும்பிப் பாப்பான்? அதான் இப்ப பதறிக்கிட்டு ஓடியாந்திருக்க. பதறாத. பதறுனவன் கையிலதான் ஸ்பானரு நழுவும்.

மொதல்ல ஒனக்கு நடந்ததை நானே சொல்லிடுறன், சரியான்னு பாரு. கல்யாணத்துக்கு முந்தியே ஒரு நாளு நடுக்கடல்ல நின்னு நின்னு ஓடியிருக்கு. அப்புறம் தானாக் கெளம்பியிருக்கு. நீ பெரிசா எடுத்துக்கல. நாப்பது நாளு கழிச்சு வந்து ஹேண்டிலைப் போட்டா மூச்சே இல்ல. ஒரு மெக்கானிக்கு வந்து நாசிலுன்னான், நாசிலை மாத்துனே. இன்னொருத்தன் வந்து பம்பு எலிமெண்டுன்னான், அதையும் மாத்துனே. அப்புறம் ஒன் மச்சான் செல்லுல வீடியோ பாத்து எங்கெங்க திருகாணி இருக்கோ அங்கெல்லாம் திருகிப் பாத்தான். கடைசியா எலுமிச்சம்பழம். எலுமிச்சம்பழத்துக்கு முன்னாடியே இங்க வந்திருந்தியன்னா பழத்தையாவது சர்பத்துப் போட்டுக் குடிச்சிருக்கலாம்.

எப்படித் தெரியும்னு பாக்குறியா? எல்லா எஞ்சினுக்கும் வர்ற கதை இதுதான். நீ கடல்ல ஓட்டுற எஞ்சினும் நான் கொல்லையில பில்டர் பாயிண்டுல ஓட்டுற ஆயில் எஞ்சினும் பங்காளிதான். ஒத்தைச் சிலிண்டரு, கையால ஹேண்டிலு, டக்கு டக்குன்னு ஒரு சத்தம். எனக்குத் தண்ணியை மேல எறைக்குது, ஒனக்குத் தண்ணியைப் பின்னால தள்ளுது. நீ கடக்கரைக்காரன், நான் கடைமடைக்காரன், அவ்வளவுதான் வித்தியாசம். கடைமடைக்காரனுக்கு ஒரே ஒரு படிப்புதான் வரும்: தண்ணி ஏன் வரலைங்கற படிப்பு. அந்தப் படிப்பு போதும் எஞ்சினுக்கு.

கேளு. மேட்டூரு 1934-ல திறந்த அணை. 120 அடிக்குத் தண்ணி நிக்கும், 93 டி.எம்.சி.க்கு மேல புடிக்கும். அங்க மதகைத் தூக்குனா கல்லணைக்கு வர மூணு நாலு நாளாவும். அங்கேருந்து அரசலாறு, திருமலைராயன் ஆறு, முடிகொண்டான் ஆறு, புத்தாறுன்னு கெளை கெளையாப் பிரிஞ்சு, அப்புறம் ஏ வாய்க்கா, பி வாய்க்கா, சி வாய்க்கான்னு நெளிஞ்சு, கடைசியா என் மடைக்கு வரும். வரும்னா, வந்தா வரும். இப்ப ஒன் எஞ்சினைப் பாரு. டேங்குதான் மேட்டூரு. அடியில இருக்குற டேப்பு மேட்டூரு மதகு. பில்டரு கல்லணை. பம்பு ரெகுலேட்டரு. அந்த மெல்லிசான இரும்புப் பைப்பு சி வாய்க்கா. நாசில்தான் கடைமடை. கடைமடை காஞ்சா என்ன பண்ணுவ? மடையில நின்னுக்கிட்டு மம்பட்டியால மண்ணை அடிப்பியா? ஒன் மெக்கானிக்கு ரெண்டு பேரும் அதைத்தான் பண்ணியிருக்கானுவோ. 2012-லேருந்து 2019 வரைக்கும் எட்டு வருசம் மேட்டூரு ஜூன் 12-ல திறக்கல. அந்த எட்டு வருசமும் நான் என் மடையை மாத்தி மாத்தி வெட்டியிருந்தா எனக்கு இடுப்பு ஒடிஞ்சிருக்குமே ஒழிய குறுவை வெளைஞ்சிருக்குமா?

அதனால முதல்ல மேட்டூரைப் பாரு மாப்ளே. டேங்குல டீசல் இருக்கா? டேப்பு திறந்திருக்கா?

சிரிக்காத. நானும் ஒரு தடவை, நாத்தங்கால் காயுதேங்கற அவசரத்துல, காலையிலேருந்து மத்தியானம் வரைக்கும் ஹேண்டிலைச் சுத்துனேன். கை ரெண்டும் கொப்புளம். என் வூட்டுக்காரி கஞ்சி கொண்டாந்தா. செத்த நேரம் பாத்துக்கிட்டே நின்னுட்டு, இந்தக் குழாயை ஏன் சாத்தி வச்சிருக்கீயன்னு கேட்டா. நான் என்ன சொல்ல முடியும்? வேணும்னுதான் சாத்தி வச்சிருக்கேன், ஒடம்புக்குப் பயிற்சின்னேன். இன்னிக்கு வரைக்கும் கரண்டு போனாக்கூட, குழாயைத் திறந்தீயளான்னுதான் கேக்குறா. ஒனக்கும் புதுசா ஒருத்தி வந்திருக்கா. டேப்பை நீயே பாத்துடு.

திறந்துதான் இருக்கா? நல்லது. இந்தா, இந்தக் கண்ணாடி பாட்டிலைப் புடி. பில்டருக்குக் கீழ இருக்குற திருகைத் தளத்திப் புடிச்சுக் கொண்டா. ம்… வெயில்ல காட்டு. பாத்தியா, அடியில ஒரு விரக்கடைக்குத் தெளிவா நிக்குதே, அது என்னா? மீன்கொழம்புல எண்ணெய் மெதக்குற மாதிரி டீசல் மேல மெதக்குது, அடியில தண்ணி. எங்கேருந்து வந்துச்சா? யாரும் ஊத்தல. டேங்கை அரைகுறையா விட்டுட்டு விருந்துக்குப் போயிட்ட. மிச்ச இடத்துல கடக்கரைக் காத்து குடியிருந்துச்சு. ராத்திரிக் குளுமையில அந்தக் காத்து வேர்த்து, சொட்டுச் சொட்டா உள்ளயே எறங்கிடுச்சு. இனிமே நாலு நாளுக்கு மேல எங்கயாச்சும் போனியன்னா டேங்கை நெரப்பி வச்சுட்டுப் போ. டீசல் நின்னா காத்துக்கு எடமில்ல. எங்களுக்கு அணை நெரம்பணும்னு வேண்டுதல், ஒனக்கு டேங்கு நெரம்பணும்னு வேண்டிக்க. மொத்தத்தையும் எறக்கிடு. டேங்கைத் துணி போட்டுத் தொடைச்சுட்டுப் புது டீசல் ஊத்து. பில்டரையும் மாத்திடு, ஊறிப் போன பில்டரு ஒதவாது.

இப்பச் சந்தனத்துக்கு வருவோம்.

டேங்கு மூடியை எங்கிட்டக் குடு. இதுல ஊசி மொனை மாதிரி ஒரு ஓட்டை இருக்கும், அது காத்து போறதுக்கு. டீசல் கீழ எறங்க எறங்க மேல காத்து உள்ள வரணும். இல்லாட்டி எளநியில ஒத்தை ஓட்டை போட்டுக் கவுத்த மாதிரிதான். நாலு சொட்டு வரும், அப்புறம் நின்னுக்கும். அந்த ஓட்டை மேலதான் நீ பக்தியைக் கொழைச்சு அப்பி வச்சிருக்க. பூசைக்குப் பூசை அப்புனது காஞ்சு சிமிண்டாப் போயிருக்கு. நடுக்கடல்ல நின்னு நின்னு ஓடுச்சுன்னேனே, இதான். செத்த நேரம் சும்மா கெடந்தா எங்கயாச்சும் கசிஞ்சு காத்து உள்ள வரும், மறுபடி கெளம்பும். இந்தா, தொடப்பக்குச்சியால குத்தி எடு. சாமிக்குப் பொட்டு வைக்க எம்மாம் எடம் இருக்கு எஞ்சின்ல, பிளைவீலு இம்மாம் பெரிசா இருக்கு, அதுல வையி. சாமி மூக்குல யாராச்சும் சந்தனம் அடைப்பானா?

அடைப்பு என்னை மட்டும் விட்டுச்சுன்னு நெனைக்காத. எனக்கு வேற ரூபத்துல வந்துச்சு. எங்க ஊரு சாமிக்குப் பேரே மதுவனேசுவரரு. தேவருங்க அசுரனுக்குப் பயந்து தேனீயா மாறி இங்க வந்து பூசை பண்ணுனாங்கன்னு தலபுராணம். போன ஐப்பசியில கொட்டாய்ல நின்ன எஞ்சின் கெளம்ப மாட்டேங்குது. டீசல் வருது, எல்லாம் சரியா இருக்கு. அப்புறம் பாத்தா சைலன்சரு வாயில குளவி மண்ணைக் கொழைச்சுக் கூடு கட்டி வச்சிருக்கு. மூச்சு விட வழியில்லாதவன் எப்படி மூச்சு இழுப்பான்? சாமி தேனீக்கு எடங் குடுத்தாரு, நான் குளவிக்குக் குடுத்தேன். ஒன் சைலன்சரையும் ஒரு எட்டு எட்டிப் பாத்துரு. பழைய துணி அடைச்சு வச்சிருந்தாலும் வச்சிருப்ப.

சரி, மேட்டூரு திறந்தாச்சு. இப்பத் தண்ணி கடைமடைக்கு வந்துடுமா? வராது. நடுவுல காத்து உக்காந்திருக்கு. ஒன் மெக்கானிக்கு ஒவ்வொருத்தனும் பைப்பைக் கழட்டி மாட்டுனானே, மாட்டிட்டு ஏர் எடுத்தானா? எடுக்கல. அதான் புது நாசிலும் புது எலிமெண்டும் சும்மா உக்காந்திருக்கு. காத்து சாமானியப்பட்ட ஆளு இல்ல மாப்ளே. டீசலை அழுத்துனா அது அழுத்துன பக்கம் போவும். காத்தை அழுத்துனா சுருங்கிக்கும், விட்டா விரிஞ்சுக்கும், எடத்தை மட்டும் விட்டுக் குடுக்காது. நம்ம ஊருல சில பேரு அப்படித்தான் இருக்கான். பேரு சொல்ல மாட்டேன், குட்டியானை டிரைவரு இந்தத் தெருக்காரன்.

மேலேருந்து வா. பில்டரு தலையில இருக்குற திருகைக் கொஞ்சம் தளத்து. நொரை நொரையா வருதா? வரட்டும். நொரை அடங்கி, வெறும் டீசல் கம்பியா வழியுற வரைக்கும் விடு. அப்புறம் முடுக்கு. இப்பப் பம்புக்கிட்ட. அதே மாதிரி. நொரை நின்னதும் முடுக்கு. அவசரப்பட்டு ரெண்டையும் ஒண்ணாத் திறக்காத; மேல் மதகைச் சாத்திட்டுத்தான் கீழ் மதகுக்கு வரணும். கடைசியா நாசிலுக்குப் போற பைப்பு நட்டை நாசில் பக்கம் தளத்து. தலைமேல இருக்குற லீவரைத் தூக்கிட்டு ஹேண்டிலைச் சுத்து. மூஞ்சியைத் தள்ளி வச்சுக்க, கையை அங்க நீட்டாத. வருதா சொட்டு? வந்ததா? முடுக்கு.

இப்பக் காதைக் குடு. லீவரு தூக்குனபடியே மெல்லச் சுத்து. நாசிலுக்குள்ள கர்ரக்… கர்ரக்குன்னு மழைக்காலத் தவளை மாதிரி கேக்குதா? அந்தச் சத்தம் வந்தா கடைமடைக்குத் தண்ணி வந்துட்டுதுன்னு அர்த்தம். அந்தச் சத்தம் கேக்காம ஆயிரம் தடவை சுத்துனாலும் தோள்பட்டை வலிதான் மிச்சம்.

செத்த உக்காரு. இந்தா மோரு. டிரைவரு தம்பி, நீயும் குடி, வெயிட்டிங்கு காசுல கழிச்சுக்கலாம்.

மாப்ளே, டீசல்ங்கறது எண்ணெய் பேருன்னு நெனைச்சுக்கிட்டு இருக்கியா? மனுசன் பேரு. ருடால்ப் டீசல்னு ஜெர்மன்காரரு. 1897-ல ஆக்ஸ்பர்க்குங்கற ஊருல இந்த மாதிரி எஞ்சினை ஒழுங்கா ஓட வச்சுக் காட்டுனாரு. 1900-ல பாரீசு கண்காட்சியில ஒரு டீசல் எஞ்சினை நெலக்கடலை எண்ணெய் ஊத்தி ஓட்டுனாங்க. இப்ப நெலக்கடலை எண்ணெய் விக்கிற வெலைக்கு நீ அதை ஊத்துனா ஒன் ஆத்தா ஒன்னை ஊத்திடும். அந்த டீசலுக்கு என்ன ஆச்சு தெரியுமா? 1913 செப்டம்பர்ல இங்கிலாந்து போற கப்பல்ல ஏறுனவரு ராத்திரிச் சாப்பாடு முடிச்சுட்டு அறைக்குப் போனாரு. விடிஞ்சா ஆளு இல்ல. கடல் எடுத்துக்கிச்சு. ஒலகத்துக் கப்பலையெல்லாம் தள்ளப் போற எஞ்சினைப் பண்ணுனவரு ஒரு கப்பல்லேருந்தே காணாமப் போனாரு. நூலகத்துல இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குச் சோறு எறங்கல.

அவரு பண்ணுன சூட்சுமம் என்னன்னா, நெருப்புப் பொறியே வேணாம்னாரு. சைக்கிளுக்குக் காத்தடிச்சா பம்பு அடியில சுடுதே, பாத்திருக்கியா? அதேதான். காத்தைப் பதினாறு பதினெட்டுல ஒரு பங்கா நசுக்குனா ஐந்நூறு டிகிரிக்கு மேல சூடாவும். டீசல் 210 டிகிரி வாக்குலயே தானாப் பத்திக்கும். அதனால டீசல் வந்தா மட்டும் போதாது, நசுக்குற தெம்பும் இருக்கணும். லீவரைக் கீழ போட்டுட்டு ஹேண்டிலை மெல்ல அழுத்திப் பாரு. முட்டிக்கிட்டு நிக்குதா? விட்டா பின்னால ஒதைக்குதா? நல்லது, ரிங்கும் வால்வும் ஒழுங்கா இருக்கு. மாமியா வீட்டுல மொத நாளு நீ போதும் போதும்னு முறுக்கிக்கிட்ட பாரு, அந்த முறுக்கு எஞ்சினுக்கு வேணும். ரெண்டாம் நாளு நீ தட்டை நீட்டுன மாதிரி ஹேண்டிலு வழவழன்னு சுத்துனா ரிங்கு தேஞ்சிருக்கும், இல்ல வால்வு ஒக்காராது. அப்ப ஒரு கரண்டி எஞ்சின் ஆயிலைக் காத்து போற வாயில ஊத்திச் சுத்திப் பாக்கணும். ஆயிலு ரிங்கைச் சுத்தி அடைச்சு முறுக்கு திரும்புனா ரிங்குதான் குத்தம். திரும்பாட்டி வால்வைப் பாரு. ஒரு கரண்டின்னா ஒரு கரண்டி. ஒன் மச்சான் மாதிரி ஒரு சொம்பு ஊத்திடாத.

இன்னொண்ணு. சில பேரு பெட்ரோல்ல துணியை நனைச்சுக் காத்து வாயில வைப்பானுவோ. டபார்னு கெளம்பும், பாக்க நல்லாருக்கும். ஆனா வெடிக்கக் கூடாத நேரத்துல வெடிச்சா உள்ள தண்டு வளையும், வெளிய மீசை பொசுங்கும். போட்டுல டீசல் கேனு பக்கத்துல வச்சுக்கிட்டு இந்த வெளையாட்டு வேணாம். மீசை போனா மொளைக்கும், போட்டு மொளைக்காது.

புகையைப் பாக்கக் கத்துக்க. வைத்தியருக்கு நாடி, எஞ்சின்காரனுக்குப் புகை. சுத்தும்போது புகையே இல்லியா, டீசல் உள்ள போவல. மறுபடி மேட்டூருலேருந்து ஆரம்பி. வெள்ளைப் புகை கக்குது, ஆனா புடிக்கல. டீசல் போவுது, சூடு பத்தல. ஓடும்போது கறுப்பா வந்தா காத்துப் பத்தல, இல்ல சொமை சாஸ்தி. நீலமா வந்தா எஞ்சின் ஆயிலைத் தின்னுக்கிட்டு இருக்கு. நீலப்புகைக்காரனை ரொம்ப நாளு நம்பாத.

ஒன் பங்காளி ஒருத்தன் பெட்ரோல் எஞ்சின், அதான் அவுட்போர்டு, வச்சிருக்கானாமே. அவனுக்கும் ரெண்டு வார்த்தை சொல்லிடு. 1909 வாக்குல அமெரிக்காவுல ஓலே எவின்ரூடுன்னு நார்வேயில பொறந்த ஆளு ஒருத்தரு படகு வாலுல மாட்டுற மோட்டாரை விக்க ஆரம்பிச்சாரு. அதுக்கு நசுக்குற வித்தை பத்தாது, பிளக்குல பொறி வேணும். அது கெளம்பலைன்னா பாதி நேரம் ஒரு செவப்புக் கயிறுதான் காரணம். ஆளு தண்ணியில விழுந்தா எஞ்சின் நிக்கணும்னு ஒரு கயிறு வச்சிருப்பான்; அதோட கொக்கி எடத்துல மாட்டலைன்னா பிரம்மா வந்து இழுத்தாலும் புடிக்காது. கியரு நடுவுல இருக்கணும். டேங்கு மூடித் திருகு திறந்திருக்கணும், அங்கயும் காத்து வேணும். கெளம்பல கெளம்பலன்னு சோக்கைப் போட்டு இழுத்துக்கிட்டே இருந்தா பிளக்கு நனைஞ்சு போவும். கழட்டித் தொடைச்சு வெயில்ல வையின்னு சொல்லு. கேரளத்துப் பக்கம் மாதிரி மண்ணெண்ணெயில ஓட்டுறவன்னா, கெளப்புறது பெட்ரோல்ல, ஓட்டுறது மண்ணெண்ணெயில. நிறுத்துறதுக்கு முன்னாடி மறுபடி பெட்ரோலுக்கு மாத்திட்டு நிறுத்தணும். இல்லாட்டி உள்ள தங்குன மண்ணெண்ணெய் மறுநாளு காலையில மொகத்தைத் திருப்பிக்கும். அவ்வளவுதான். அவுட்போர்டு என் கொல்லையில ஓடுனதில்ல, அதுக்கு மேல பேசுனா புளுகாயிடும்.

ஒன் தாத்தன் கட்டுமரத்துல போனவரு. கட்டுமரத்துக்குக் கெளம்பலைங்கற வியாதியே கெடையாது. தள்ளுனா போவும். வெள்ளைக்காரன் அந்தப் பேரைத் தூக்கிட்டுப் போயி அவன் பாசையில வச்சுக்கிட்டான். 2004 டிசம்பர் 26-ல கடல் வந்துட்டுப் போச்சு. நாகப்பட்டினம் மாவட்டத்துல மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல. மீன்கூடைக்காரங்க ஒருத்தரும் இந்தத் தெருவுக்கு மாசக்கணக்குல வரல. நாங்களும் மீனு திங்கல. தின்ன மனசு வரல. அப்புறம் ஒரு நாளு ஒன் ஆத்தா வந்து வாசல்ல உக்காந்துச்சு. கூடையில மீனு இல்ல. சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன் அண்ணேன்னுச்சு. நீ அப்ப அது இடுப்பு ஒசரம். அதுக்கப்புறம்தான் ஒங்க ஊருக்குப் பைபர் போட்டு நெறைய வந்துச்சு, எஞ்சினும் வந்துச்சு. கட்டுமரம் கொறைஞ்சு போச்சு.

சரி, எந்திரி. கதை கேட்டது போதும்.

ஹேண்டிலைப் புடி. இப்படி இல்ல. கட்டவெரலை மத்த வெரலோட ஒரே பக்கமா வையி, சுத்திப் புடிக்காத. எஞ்சின் பின்னால ஒதைச்சா கை தானா வழுக்கி வரணும். என் மணிக்கட்டைப் பாத்தியா, கொஞ்சம் கோணலா இருக்கே? இந்திரா காந்தி ஆட்சியில ஒதைச்சது. அதுலேருந்து யாருக்கு வணக்கம் போட்டாலும் கோணலாத்தான் விழுது. பல பேரு நான் கேலி பண்ணுறதா நெனைச்சுக்கிட்டான். பாதி பேரு நெனைச்சது சரிதான்.

லீவரைத் தூக்கு. சுத்து. மெல்ல ஆரம்பிச்சு வேகத்தை ஏத்து. இன்னும். இன்னும் வேகம், வேகம்… இப்ப லீவரைப் போடு!

ஒண்ணுமில்ல, விடு. ஒரு வெள்ளைப் புகை வந்துச்சா? வந்துட்டுதுல்ல, அப்ப பயமில்ல. கொஞ்சம் காத்து இன்னும் மிச்சமிருக்கும். நாசில் நட்டை மறுபடி ஒரு தடவை தளத்தி ரெண்டு சுத்து சுத்து. முடுக்கு. மூச்சு வாங்கிக்க. விருந்துச் சாப்பாடு ஒடம்புல சேந்திருக்கு போல, ரெண்டு சுத்துக்கே வேர்க்குதே. ம், மறுபடி. லீவரு மேல. சுத்து, சுத்து, சுத்து… போடு!

ஹா! பாத்தியா! டக்கு… டக்கு… டக்குடக்குடக்கு. ஹேண்டிலை உருவு, உருவு! விட்டா அதுவும் சேந்து சுத்தும். செத்த நேரம் ஓடட்டும். புகை தெளிஞ்சுட்டுது பாரு. அந்தத் தெக்கால வீட்டுத் திண்ணையில உக்காந்திருக்காரே பெரியவரு, அவருக்குத் தூக்கம் கலைஞ்சு போச்சு. கஜா புயலுக்கப்புறம் இன்னிக்குத்தான் இந்தத் தெருவுல எஞ்சின் சத்தம் இம்மாம் பக்கத்துல கேக்குதும்பாரு. 2018 நவம்பர்ல கரண்டு கம்பமெல்லாம் சாஞ்சு கெடந்தப்ப என் எஞ்சின்தான் தெருவுக்கே தண்ணி எறைச்சுது. அதுக்கு முன்னாடி அதைப் பழைய இரும்புக்குப் போட்டுடுன்னு சொன்னவரும் அவருதான்.

நிறுத்து. போதும். ஏத்து வண்டியில. கூலியா? மாமங்கிட்டக் கூலி பேசுவியா? போ, போயி இந்த மூணு நாளையாவது உருப்படியாக் கடல்ல இரு. ஆத்தாவைக் கேட்டேன்னு சொல்லு. டேங்கை ரொப்பு. பொட்டைப் பிளைவீல்ல வையி. டிரைவரு தம்பி, புத்தாத்துப் பாலத்துல பாத்துப் போ, எஞ்சின் ஆடும்.

…

போயிட்டானா? திரும்பிப் பாக்குறானா பாரு. பாக்கல. ஏ, இங்க வா. அந்தப் புளியமரத்துக்கடியில கெடக்கு பாரு, ஹேண்டிலு. அதை எடுத்து எண்ணெய்த்துணியில தொடைச்சு உள்ள வையி. கூப்புட்டுச் சொல்லியிருக்கலாம்தான். கூப்புட்டுக்கிட்டு எதுக்கு, இனிமே அவனே வருவான். வெறுங்கையோட வர மாட்டான், ஆத்தா வளத்த பய. குழாயை அப்புறம் பாக்கலாம் விடு. வீட்டுல புளி இருக்கா?